நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்

நான் குடியேறிய நாட்டில், ஒருவர் வீட்டுக்கு வருகிறவர்கள் தாங்கள் உட்காரும் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் என் மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காட்சி இன்னும் எனக்கு முழுதாகப் பழகவில்லை. மடக்கினால் குடையைப் போல ஒடுங்கி உறைக்குள் போய்விடும் துணி நாற்காலி அது. வருகிறவர் வாசலில் தலையசைத்துவிட்டு உள்ளே வந்து, தமக்குப் பிடித்த இடத்தில் அதை விரித்து உட்கார்ந்துவிடுவார். எங்கே உட்காருவது என்று வீட்டுக்காரரைக் கேட்பதில்லை. என் சொந்த ஊரான செஞ்சியில் ஒருவர் நாற்காலியும் கையுமாக ஒரு வீட்டுக்குப் போனால், 'எங்க வீட்ல நாற்காலி இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னது?' என்று சண்டைதான் வரும். அங்கே நாற்காலி என்பது வீட்டுக்காரர் காட்டும் மரியாதை. யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில்தான் உறவும் பகையும் இருக்கின்றன.

செஞ்சியில் எனக்கான நாற்காலி எங்கே கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஊரின் இசை மன்றத்துக்கு நெடுங்காலம் செயலாளர். சுமாராகப் புல்லாங்குழல் வாசிப்பவன். எந்த விழாவானாலும் முன்வரிசையில், துண்டு விரித்த நாற்காலி எனக்காகக் காத்திருக்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போகும் ஒன்றுக்கு இது தேவைப்படுகிறது.

ஹாமில்டனில் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை. "நைனா, பக்கத்து வீட்டு கிரெய்க் கிட்டார் வாசிப்பாராம். நீங்க புல்லாங்குழல் வாசிப்பீங்கன்னு சொன்னேன். ஞாயித்துக்கெழமை ரெண்டு மூணு பேரக் கூட்டினு வரேன்னாரு" என்றான் என் மகன். வெள்ளைக்காரர் ஒருவர் என் வாசிப்பைக் கேட்க வருகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். கூடத்திலிருந்த சோபாவை முன்னால் இழுத்துப் போட்டு, அதன் பின்னால் மூன்று வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகளை அடுக்கினேன். ஒரு சிறு மேசையில் குத்துவிளக்கு வைத்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்க அளவில் வரவேற்புரை எழுதினேன். செஞ்சியிலிருந்து கொண்டுவந்திருந்த பொன்னாடைகளில் சரிகை மங்காத ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன்.

"இன்னாங்க, கலெக்டரா வர்றாரு?" என்று கேட்டாள் என் மனைவி கற்பகம்.

"யாரு வந்தா இன்னா? மொறைன்னு ஒண்ணு இருக்குது" என்றேன்.

கிரெய்க் பால்பண்ணைகளில் கறவை இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அரைக்கால்சட்டையோடு, செருப்பில்லாத காலோடு, ஒரு தோளில் கிட்டாரும் மறு தோளில் நாற்காலியுமாக வந்தார். அவரோடு, பள்ளியொன்றில் செவிலியராக வேலை பார்க்கும் மெரே என்ற மாவோரிப் பழங்குடிப் பெண்மணி, கையில் உக்குலேலி என்ற குட்டிக் கிட்டாரோடு வந்தார். கிரெய்க் என் மூன்று வரிசைகளையும் பார்த்தார். இன்னும் யாராவது வரவேண்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், சோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்துவிளக்கின் எதிரே தம் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். நான் வரவேற்புரையை முழுவதும் வாசித்தேன். பிறகு பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினேன். "எனக்கு அவ்வளவாகக் குளிரவில்லை. ஆனாலும் ரொம்ப நன்றி" என்று சொல்லி, அன்று மாலைவரை அதைப் போர்த்திக்கொண்டே கிட்டார் வாசித்தார். விளக்கையும் வரிசையையும் உரையையும் பார்த்துவிட்டு, இது யாருடைய நினைவுநாள் என்று மெரே என் மகனிடம் தாழ்ந்த குரலில் கேட்டதாகப் பின்னால் அறிந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு கிரெய்க் அந்தப் பொன்னாடையைத் துவைத்து, மடித்து, ஒரு காகிதப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் ஊரில் பொன்னாடையைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. ஒரு வாரம் நான் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் வேலியோரம் நின்று நேராகவே கேட்டுவிட்டேன், நான் செய்த மரியாதையில் என்ன குறை கண்டீர்கள் என்று. அவர் முகத்தில் உண்மையான கலக்கம் தெரிந்தது. "நீங்கள் குளிருக்கு இரவலாகக் கொடுத்தது என்று நினைத்தேன். நல்ல துணி. திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது சரியில்லையே" என்றார். என் பீரோவில் அறுபதுக்கும் குறையாத பொன்னாடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது நல்ல துணி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொன்னாடையை அவரிடமே திரும்பக் கொடுத்து, குளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதன்பின் என் வரிசைகள் கலைந்தன. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு நாற்காலிகள் வரும்; அவை தாமாகவே வட்டமாகும். யாராவது ஒருவர் எதையாவது தொடங்குவார், தெரிந்தவர் சேர்ந்துகொள்வார், தெரியாதவர் தொடையில் தாளம் போடுவார். நடுவில் தேநீருக்காகப் பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோவார்கள். முதலில் எனக்கு அது பெரிய அபசாரமாகவே பட்டது. என் குழலின் சுருதி ஐந்து கட்டை. அவர்கள் அதை ஜி என்கிறார்கள். ஒரு நாள் கிரெய்க் பாடிய மாட்டுப்பண்ணைப் பாட்டு ஒன்றில் ஐந்தே சுரங்கள் இருப்பதைக் கவனித்தேன். கூச்சத்தோடு மோகனத்தில் நுழைந்தேன். இரண்டாம் சுற்றில் மேல் ஸ்தாயியில் பிசகியது. குழலை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது, என் பிசகும் அதோடு போய்விட்டது. எழுபது வயதுக்கு மேல், முதன்முறையாக, ஒரு பிழைக்குப் பிறகு எனக்கு எதுவும் ஆகவில்லை.

ஆனால் அந்த வட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஓர் ஓட்டை இருந்தது. நான் ஒரு சங்கதியை வாசித்து நிறுத்தும் இடத்தில், அதை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வரவேண்டிய ஆர்மோனியம் வராது. ஆரோக்கியசாமி வரமாட்டான். அவனும் நானும் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள்; பிறகு ஒரே கல்லூரியில், அவன் இயற்பியலும் நான் வேதியியலும் கற்பித்தோம். வல்லம் பக்கத்தில் விவசாயம் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம் அவனுடையது. மாதா கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் பழகியவன். முப்பது ஆண்டுகள் என் குழலுக்கு அவன் விரல்கள் பதில் சொல்லியிருக்கின்றன. நான் எங்கே மூச்சு வாங்குவேன் என்பது எனக்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

எங்கள் மன்றத்தின் வெள்ளி விழா அழைப்பிதழில் அவன் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒலிபெருக்கி உபயம் செய்தவர் பெயருக்கும் கீழே வந்திருந்தது. அவன் விழாவுக்கு வந்தான். அழைப்பிதழைப் படித்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மேடையில் அவனை அழைத்தபோது எழுந்து வெளியே போய்விட்டான். ஆர்மோனியம் இல்லாமலேயே கச்சேரி நடந்தது. மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், நாலு பேர் நடுவில் கேட்டான்: "இன்னா சார், நீங்க முன்வரிசைக்குப் பொறந்தவரு, நான் மைக்செட்டுக்குக் கீழ பொறந்தவனா?" அதுவரை அவன் என்னை டா போடாமல் பேசியதில்லை. அச்சகத்துக்காரன் செய்த தவறு என்று நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பேருக்காக வாசிக்கிறவன் வாசிக்காமலே இருக்கலாம்" என்றும் சொன்னேன். அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அச்சகத்துக்காரன் எந்தத் தவறும் செய்யவில்லை. பெயர்களை வரிசைப்படுத்தி, என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். மேலே இடம் கேட்டுப் பெரிய மனிதர்கள் நெருக்கியபோது, யாரைக் கீழே இறக்கினால் கேள்வி கேட்கமாட்டார் என்று யோசித்தேன். நண்பன் கேட்கமாட்டான் என்று முடிவு செய்தேன். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது அச்சிலேயே சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையைச் செஞ்சியிலிருந்துதான் எழுதுகிறேன். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சனவரியில் வந்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் சும்மா வாசிக்கலாம் என்று ஜினதாஸிடம் சொன்னேன். மேல்சித்தாமூர்க்காரர், கடைத்தெருவில் வைத்திருந்த பாத்திரக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர், டோலக் நன்றாக வாசிப்பார். "சும்மான்னா இன்னா சார்? யாரு தலைமை?" என்று கேட்டார். தலைமை இல்லை என்றேன். அப்படியானால் முடிவில் நன்றி சொல்வது யார் என்று கவலைப்பட்டார்.

முதல் சனிக்கிழமை குழல் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு அஞ்சலை வந்து கேட்டருகே நின்றார். "இன்னா சார் விசேஷம்? பேத்திக்கு நிச்சயமா?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா வாசிக்கிறோம்."

"சும்மாவா?" நம்பாமல் போனவர், கால்மணி நேரத்தில் இரண்டு முழம் மல்லிகையோடு திரும்பி வந்து கற்பகத்திடம் கொடுத்தார். "எதுக்கும் இருக்கட்டும்க்கா. சொல்லாம கொள்ளாம வெச்சிருப்பீங்க."

அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. எங்கள் ஊரில் இசைக்குக் காரணம் வேண்டும். காது குத்தலோ, கல்யாணமோ, கோவில் திருவிழாவோ, சாவோ ஏதாவது ஒன்று முன்னால் போக, பாட்டு பின்னால் வரும். வாழ்நாள் முழுவதும் வாசித்த நான், செஞ்சியில் ஒரு தடவையாவது காரணமில்லாமல் குழலை எடுத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். எடுத்திருக்கிறேன், கல்லூரி விடுதி அறையில், ஆரோக்கியசாமியோடு. அவன் இல்லாமல் இந்தச் சனிக்கிழமைகளுக்கு அர்த்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் எழுபத்து மூன்று வயது. அடுத்த முறை நான் வரும்போது இருவரும் இருப்போம் என்று எழுதிக் கொடுப்பவர் யார்?

ஜினதாஸைத் தூது அனுப்பினேன். அவர் சங்கடத்தோடு திரும்பி வந்தார். "பத்திரிகை இருக்குதான்னு கேட்டாரு சார். நான் இன்னா சொல்றது?"

நியாயமான கேள்விதான். நான் அச்சகத்துக்குப் போனேன். நூறு பிரதிக்குக் குறைந்து அச்சடிக்கமாட்டோம் என்றார்கள். நூறு அடிக்கச் சொன்னேன். தங்க நிறத்தில், பெரிய எழுத்தில், 'ஆர்மோனியம்: பேராசிரியர் ஆரோக்கியசாமி' என்ற ஒரே பெயர். என் பெயர்கூட இல்லை. நூறு அழைப்பிதழும் ஒரே ஒரு மனிதருக்காக. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மேலே அதை வைத்து, இஸ்திரி போட்ட வேட்டியோடு புறப்பட்டேன். கற்பகம் வாசல்வரை வந்து, "அங்க போயி வரவேற்புரை படிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

ஆரோக்கியசாமி வீட்டு முற்றத்தில் முறம் ஒன்றை மடியில் வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். இடது கை விரல்கள் சற்று மடங்கியே இருந்தன. "வாங்க சார். உக்காருங்க" என்றான். தட்டை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பி ஓர் எழுத்து விடாமல் படித்தான்.

"பரவாயில்லயே. இந்த வாட்டி அச்சாபீசுக்காரன் கரெக்டா அடிச்சிட்டானா?"

இந்த ஒரு கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டால் மரியாதையாக எழுந்து வந்துவிடலாம்.

"அந்த வாட்டியும் அவன் கரெக்டாத்தான் அடிச்சான்" என்றேன். "நான்தான் அப்படி எழுதிக் குடுத்தேன்."

அவன் ஒரு கடலையை உரித்து, பருப்பை முறத்தில் போட்டான். இன்னொன்றை எடுத்தான்.

"தெரியும்" என்றான். "அச்சாபீசுல என் தங்கச்சி மவன்தான அப்போ வேலை செஞ்சினு இருந்தான். உன் கையெழுத்து இருந்த பேப்பரை அன்னிக்கே எடுத்தாந்து காட்டிட்டான். வெச்சிருந்தேன், ரொம்ப நாளு. மருமவ அலமாரிய ஒழிக்கும்போது போயிடுச்சி."

"பின்ன ஏன்டா கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்டா. டீக்கடையிலயே சொல்லியிருந்தா, 'போடா லூசு'ன்னு திட்டிட்டு அன்னிக்கி சாயந்தரமே பொட்டியைத் தூக்கினு வந்திருப்பேன். ஒன்பது வருசம் இழுத்துட்ட." அழைப்பிதழை மறுபடி ஒரு முறை பார்த்தான். "சரி, இன்னா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

"விசேஷமே இல்லாததுக்கு எதுக்குடா பத்திரிகை?" என்று சொல்லி அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். வெற்றிலைத் தட்டையும் தொடவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கடலையை மட்டும் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தந்தான். திரும்பும் வழியெல்லாம் அந்த அழைப்பிதழ் என் கையில் கனத்தது. கிரெய்க் காகிதப் பையில் கொண்டுவந்து கொடுத்த பொன்னாடை நினைவுக்கு வந்தது. திருப்பிக் கொடுக்கப்பட்டது எல்லாம் மறுக்கப்பட்டது ஆகாது என்று வேலியோரம் நான் கற்றுக்கொண்டது இங்கேயும் செல்லுமா என்பதை அறிய, சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜினதாஸ் வந்தார். பத்தே கால் ஆயிற்று. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகளில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பத்தரைக்கு அவர் டோலக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்றார். நான் மோகனத்தை எடுத்தேன். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவன், அன்று கேட்டைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். சங்கதியை நிறுத்தும் இடங்களில் டோலக் மட்டும் தனியாக நடந்தது.

தெருவில் முதலில் தெரிந்தது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. தலைகீழாக, கால்கள் வானத்தைப் பார்க்க, ஒரு மனிதர் தலைமேல் வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு ஆட்டோ மெதுவாக ஊர்ந்து வந்தது. அதன் சீட்டில், துணி சுற்றிய ஆர்மோனியப் பெட்டி ஒரு பயணியைப் போலத் தனியாக உட்கார்ந்திருந்தது. நாற்காலியைத் தலையில் சுமந்தவன் ஆரோக்கியசாமி. பெட்டியைச் சீட்டின் குறுக்கே கெட்டியாகக் கயிறு போட்டுக் கட்டியதால் ஆட்டோவில் தனக்கு இடம் போதவில்லை என்றான். நான் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்து ஓடினேன்.

"நாற்காலி எதுக்குடா? எங்க வீட்ல இல்லாத நாற்காலியா?"

"உன்ன நம்ப முடியாதுடா. எந்த வரிசையில போடுவியோ, யாரு கண்டா? அதான் என்னுத நானே எடுத்தாந்துட்டேன்."

ஜினதாஸ் டோலக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து கற்பகம் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். ஹாமில்டன் பழக்கம் எதையும் அறியாத அந்த மனிதன், கூடத்தின் நடுவில் எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, எங்கே உட்காருவது என்று யாரையும் கேட்காமல் உட்கார்ந்தான். நான் என்னுடையதைச் சற்றுத் திருப்பினேன். ஜினதாஸும் நகர்ந்தார். வட்டம் தானாக விழுந்தது.

துருத்தியில் காற்று கசிந்தது. மடங்கிய இடது கையால் அதை இழுத்து இழுத்து அவன் வாசித்தான். பழைய வேகம் இல்லை. இரண்டு இடத்தில் பிசகினான். மூன்று இடத்தில் நான் பிசகினேன். ஆனால் நான் மூச்சு வாங்கிய ஒவ்வோர் இடத்திலும், ஒன்பது ஆண்டுகள் தாமதமாக, பதில் வந்தது. அஞ்சலை மறுபடியும் கேட்டருகே வந்து நின்றார்.

"இன்னா சார், இன்னிக்காவது விசேஷமா?"

"விசேஷமெல்லாம் இல்லம்மா" என்று உள்ளேயிருந்து ஆரோக்கியசாமி குரல் கொடுத்தான். "நீயும் ஒரு நாற்காலி எடுத்துனு வா."

அவர் எடுத்துக்கொண்டுதான் வந்தார். அதற்குப்பின் வந்த சனிக்கிழமைகளில் எங்கள் தெருவில் நாற்காலிகள் நடமாடுகின்றன. அவன் திருப்பிக் கொடுத்த ஒன்று போக மிச்சமிருந்த தொண்ணூற்றொன்பது அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் ஆரோக்கியசாமி பாட்டு வரிகளை எழுதி எல்லோருக்கும் கொடுக்கிறான். அவன் பெயர் தங்க எழுத்தில் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. தன் சிவப்பு நாற்காலியை மட்டும் அவன் திரும்பக் கொண்டுபோகவில்லை. "வாராவாரம் தூக்கினு வரணுமா? இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த வாரம் எங்களுக்கு விமானம். வீட்டுச் சாவியை ஜினதாஸிடம் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமைகள் நிற்காது என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மெரே ஒரு படம் அனுப்பியிருந்தார். கிரெய்க் வீட்டுப் புல்வெளியில், மடக்கு நாற்காலிகள் வட்டமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று காலியாக விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. போன பிறந்தநாளுக்கு அவர்கள் எனக்கு வாங்கிக் கொடுத்த நாற்காலி அது. அதன் முதுகில் அந்தப் பொன்னாடையைப் போர்த்தியிருக்கிறார்கள். அது குளிருக்கு என்று கிரெய்க் இன்னமும் நம்புகிறார். படத்தை ஆரோக்கியசாமியிடம் காட்டினேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்துபோய், ஆணியில் தொங்கிய என் துண்டை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, "எந்திரிடா, நீ போனப்புறம் போடறதுக்கு அளவு பாக்கணும்" என்றான். நான் எழுந்து நின்றேன். அவன் துண்டை அந்த முதுகில் விரித்து, சுருக்கம் நீவி, சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். வட்டத்தில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. நான் அதன் பக்கத்தில் குழலோடு நின்றுகொண்டிருந்தேன்.